இடப்பக்கம் நாடு, வலப்பக்கம் வீடு

மதினி,

இன்று காலை எங்கள் ஆபீசில் ஏதோ அறிவிப்பு ஒட்டுவதற்காக மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். அந்த வாசனை என் மேசைக்கு வந்த பிறகு ஃபைலில் ஒரு எழுத்தும் ஓடவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, அரைக் கரண்டி மைதாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றிவிட்டு, "பாப்பா, கத்திரிய எடுத்துக்கிட்டு வா, டீக்கடையிலேர்ந்து நேத்துப் பேப்பர் வந்துருச்சு" என்று கூப்பிடுவீர்களே, அந்தக் குரல் காதிலேயே நின்றது.

நீங்கள் கடலோர மணமேல்குடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள். நான் டிகிரியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்த நாத்தனார். நாத்தனாரும் மதினியும் சண்டை போடாமல் சேர்ந்து உட்கார்ந்து குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்ததைக் நம் குளத்தூர்ப் பக்கம் அதிசயமாகத்தான் பார்த்தார்கள். தமிழும் கணக்கும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நடப்பு நிகழ்வுகள்தான் நம் இருவரையும் உதைத்தன. எது முதலில் நடந்தது, எது அடுத்து என்று கேட்டால் இருவரும் திருதிருவென்று விழிப்போம்.

அதற்கு வழி கண்டுபிடித்ததும் நீங்கள்தான். "நாட்டுல நடந்தது நமக்கு நெனப்புல நிக்காது பாப்பா. வீட்டுல நடந்தது நிக்கும். ரெண்டையும் சேத்துக் கட்டிப்போட்டுருவோம்" என்றீர்கள். பழைய டைரி ஒன்றில் இடப்பக்கம் வெட்டி ஒட்டிய செய்தி. வலப்பக்கம் அன்றைக்கு நம் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரே ஒரு வரி. இரண்டு வரி எழுதினால் திட்டுவீர்கள்.

டெல்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடம் திறந்த நாள், நம் செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டது. கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நம் அணி தோற்ற நாள், அண்ணன் கோழிக்குழம்பைத் தொடாமல் தட்டைத் தள்ளிவிட்டுப் போனார். சந்திரயான் நிலவில் இறங்கிய சாயங்காலம் சோறு அடிப்பிடித்தது. நாம் இருவரும் டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அம்மா உள்ளேயிருந்து போட்ட சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

"நெலாவுல எறங்குறது இருக்கட்டும், அடுப்புல இருக்குற சோத்த எறக்குங்கடி!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் புரையேறியது. அந்த வருடம் முழுக்க நாடு நம் வீட்டுக்குள்தான் நடந்தது, மதினி. அப்படி ஒரு வருடம் எனக்கு இனி வராது.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் நிறைவேறிய நாளில் வலப்பக்கம் உங்கள் கையெழுத்து: "ஆத்தா வீட்டுக்குப் போனேன். நண்டு." அன்று காலையில் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் ஒரு பை நண்டோடு வந்தீர்கள். நான் ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டே, "ஒங்க ஊரு நண்டு மாதிரி வராது மதினி" என்று சப்புக் கொட்டினேன். நீங்கள் எனக்கு இன்னும் ஒன்று எடுத்து வைத்தீர்கள். நீங்கள் சாப்பிடவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் வடக்கே மலைச் சுரங்கத்துக்குள் நாற்பத்தியொரு தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். பேப்பர் வரும்வரை உங்களால் பொறுக்க முடியவில்லை. என் போனையே பார்த்துக்கொண்டு, "வந்துட்டாங்களா? சத்தம் கேக்குதாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்த அன்று, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். "வலப்பக்கம் என்ன எழுத?" என்று கேட்டேன். "சும்மா கெடக்கட்டும் பாப்பா" என்றீர்கள். டைரியில் அந்த ஒரு பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது.

பரீட்சை எழுதிய மறுநாள்தான் அண்ணனிடம் சொன்னீர்கள். நண்டு வாங்கி வந்த அன்று நீங்கள் மணமேல்குடிக்குப் போகவே இல்லை. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போய், மார்பில் இருந்த கட்டியின் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு, நாங்கள் நம்ப வேண்டும் என்று மார்க்கெட்டில் நண்டும் வாங்கி வந்திருக்கிறீர்கள். அதற்குள் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ பேசினேன்.

"அப்பவே சொல்லியிருந்தா படிக்க விட்டுருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். "நானும் ஒரு பரீட்சை எழுதிப் பாக்கணும்னு இருந்துச்சு பாப்பா."

அந்த வருடத்தின் அத்தனை தேதியும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தவருக்கு என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாமல் போயிற்று. இதற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்களையும்தான்.

பரீட்சை முடிவு வந்தபோது நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். இருவரும் தேறியிருந்தோம், நீங்கள் என்னைவிட முன்னால். "பாத்தியா, ஒன்னைய முந்திட்டேன்" என்று கண்ணைச் சிமிட்டினீர்கள். சான்றிதழ்களை எல்லாம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் அனுப்பினேன். கலந்தாய்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது போய்விட்டீர்கள்.

கலந்தாய்வு அன்று சென்னையில் நடந்ததை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். பெரிய கூடம். வரிசைப்படி பெயர் படித்தார்கள். நீங்கள் இல்லை என்று நாங்கள் யாரும் எழுதித் தெரிவிக்கவில்லை. அண்ணனுக்கு அதற்குக் கை வரவில்லை. எனக்கு நாலு பேருக்கு முன்னால் உங்கள் பெயரைப் படித்தார்கள். இரண்டாவது தடவையும் படித்தார்கள். அடுத்த பெயருக்குப் போகப் பேனாவைத் தாளில் வைத்தார் பெயர் படித்த அம்மா.

நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"நீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. எங்க மதினி."

"அவங்க வரலையா?"

தூக்கிய கையை இறக்க மனசு வரவில்லை, மதினி.