நான் கழுவிவைத்த தங்கக்காசு

இஞ்சாருங்கோ,

இருபத்தேழு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன், நீங்கள் என்னை "இஞ்சேரும்" என்றீர்கள். கடிதத்தில் மட்டும் பெயர் எழுதப் போனால் உங்களுக்கே சிரிப்பு வரும். நீங்கள் போய் இரண்டு பனிக்காலம் கழிந்துவிட்டது. மாடிப்படியில் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியை வீட்டுக்காரன் இன்னும் திருத்தவில்லை.

முதலில் நல்ல செய்தி. எங்கள் ரமணனுக்குப் போன மாதம் கல்யாணம் முடிந்தது. பெண் பெயர் மதுரா, திருகோணமலைப் பிள்ளை, குழந்தைகள் காப்பகத்தில் வேலை. இரண்டே கிழமையில் உங்கள் மகனைக் கோப்பை கழுவ வைத்துவிட்டாள். என்னால் ஒருநாளும் முடியாத காரியம்.

பவுண் விலையும் நீங்கள் சொன்னபடியே ஏறிக்கொண்டு போகிறது. இருந்திருந்தால் "நான் சொன்னனானெல்லோ" என்று சொல்லிச் சொல்லியே என் உயிரை வாங்கியிருப்பீர்கள். இப்போது செய்தியில் கேட்கும்போது உங்களுக்குப் பதிலாக நானே அதைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது அந்தப் பெரிய காசைப் பற்றி.

டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் பூதக்கண்ணாடியோடு குந்திவிடுவீர்கள். மற்றவர்கள் மனுசிக்குச் சங்கிலி வாங்க, நீங்கள் அமெரிக்காவின் பழைய தங்கக்காசு வாங்கினீர்கள். கழுத்தில் போடமுடியாத பவுண் என்ன பவுண் என்று நான் முணுமுணுக்காத நாளில்லை. மூன்று சின்னக் காசு சேர்ந்தபின், பல வருட ஓவர்டைமைச் சேர்த்து அந்தப் பெரியதை வாங்கினீர்கள். இருபது டொலர்க் காசு. ஒரு பக்கம் தீப்பந்தம் பிடித்த பெண், மறுபக்கம் பறக்கும் கழுகு. அதைக் கோழி என்று நான் சொன்னதற்கு ஒருநாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

"இதிலை இருக்கிற பவுணுக்கு ஒரு விலை. முகம் பழுதுபடாமல் இருக்கிறதுக்கு அதிலும் பல மடங்கு விலையப்பா," என்று விளங்கப்படுத்தினீர்கள். "ரமணன் வீடு வாங்கேக்கை முற்பணம் இதுதான். விளிம்பிலை பிடியும். முகத்திலை கை படக் கூடாது." சின்னக் காசுகளைப் போல இதையும் அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்ப்பித்து, முத்திரை வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் எடுக்கப்போவதாகவும் சொன்னீர்கள்.

கை படக் கூடாது என்றால் ஊத்தை படக் கூடாது என்றுதானே நான் நினைத்தேன்?

நவராத்திரி வந்தது. கும்பத்தடியில் வைப்பதற்காக என் சங்கிலி, காப்பு எல்லாவற்றையும் எடுத்துக் கழுவினேன். பக்கத்தில் உங்கள் காசு மங்கிப்போய்க் கிடந்தது. பாவம், இதுவும் லட்சுமிதானே என்று, திருநீறு போட்டுப் பழைய பல்லுப் பிரஷ்ஷால் தேய்தேயென்று தேய்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் பளபளவென்று வந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோசம்.

நீங்கள் வேலையால் வந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினீர்கள். மற்றதைக் கழற்றவில்லை. கும்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

"இதையும் கழுவினீரோ?"

"ஓம். எல்லாத்தோடையும் சேர்த்துத்தான்."

மற்றச் சப்பாத்தையும் கழற்றினீர்கள். பிறகு, "நல்லா மினுங்குது. தேத்தண்ணி இருக்கோ?" என்றீர்கள். அன்றைக்குப் படைத்த கடலையை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீர்கள். உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று நான் நம்பிவிட்டேன்.

அதற்குப்பிறகு "காசை அமெரிக்காவுக்கு அனுப்பேல்லையோ?" என்று கேட்கும்போதெல்லாம் "பேந்து பாப்பம்" என்றீர்கள். பிறகு பிறகு என்று அந்தப் பேந்து வரவே இல்லை. உங்கள் சோம்பல் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கல்யாணப் பேச்சு முற்றானதும் ரமணனும் நானும் அதைக் கொண்டுபோய், நீங்கள் வாங்கிய கடையிலேயே காட்டினோம். கடைக்காரக் கிழவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கண்ணாடி வைத்துக்கூடப் பார்க்காமல் மூடினார். ரமணனிடம் பிரெஞ்சில் மெதுவாகக் கதைத்தார். எனக்கு பொன்ஜூரும் மெர்சியும் தவிர என்ன தெரியும்? பிள்ளையின் முகம் மாறியது மட்டும் தெரிந்தது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அம்மா. வாங்கோ போவம்."

"சொல்லன்ரா."

"தேய்ச்சுக் கழுவின காசாம். முகமெல்லாம் கீறலாம். இனி இதிலை இருக்கிற பவுணுக்குத்தான் விலையாம், உருக்கத்தான் போகுமாம்." பெட்டியை எடுத்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னான். "அப்பா அப்பவே கொண்டுவந்து காட்டினவராம். அம்மா எப்பவாவது வந்தால் சொல்லிப்போடாதேங்கோ எண்டு கேட்டவராம்."

மெட்ரோவில் நான் அழுததைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பெண் எழும்பி எனக்கு இடம் தந்தாள். உன்ரை வீட்டை நான் திருநீறு போட்டுத் தேய்ச்சுப்போட்டன் எண்டு பிள்ளையிடம் சொன்னேன். "வீடு நாங்கள் உழைச்சு வாங்குவமம்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஏன் என்னோடு கோபிக்கவில்லை? ஒரு பேச்சாவது பேசியிருக்கலாமே. உப்புக் கூடினால் சத்தம் போடுகிற மனிதர், இவ்வளவு பெரிய கோபத்தை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்?

தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பவுண் காசு கொடுக்கவேண்டும். ரமணன் கடையில் புதுக்காசு வாங்குவோம் என்றான். நான் வேண்டாம் என்றேன். உருக்கத்தான் போகுமென்றால், அது ஏன் முகம் தெரியாதவன் பட்டறையில் உருகவேண்டும்?

எங்கள் வரவேற்பறையிலேயே ஆசாரியார் அடுப்பு வைத்தார். உங்கள் அக்கா ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்தா. நான் காசை வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். முன்னுக்கு வரக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் ஒதுங்கினேன். உங்கள் அக்கா திரும்பிப் பார்த்தா.

"அங்கை நிண்டு என்ன செய்யிறீர்? தம்பியின்ரை காசு. உம்மடை கையாலை குடும்."

விளிம்பில் பிடித்துக் கொடுத்தேன். ஆசாரியார் கையில் வைத்துப் பார்த்து, "அமெரிக்கன் காசு, செம்பு கொஞ்சம் கூட. சுத்தப் பவுண் கலந்துதான் தாலி செய்யவேணும்," என்றார். நெருப்பு மூட்டினதும் புகை பட்டு, கூரையிலிருந்த புகைமணி அடிக்கத் தொடங்கியது. மந்திரம் பாதி, மணி பாதி. ரமணன் பட்டுவேட்டியோடு கதிரையில் ஏறி அதைக் கழற்றினான். அதற்குள் கழுகு உருகிப்போயிருந்தது. நீங்கள் கீறல் பார்த்த அந்த முகமும் உருகிப்போனது. வட்டமாய், சூடாய், ஒரு சின்ன உருண்டை மிஞ்சியது. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் விரலை வைத்துக் கொஞ்சநேரம் எடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மதுரா தாலிக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "மாமி, இதை எப்பிடிக் கழுவுறது? கீறல் விழுமோ எண்டு பயமாய்க் கிடக்கு."

"திருநீறு போட்டு, பல்லுப் பிரஷ்ஷாலை நல்லாத் தேயும் பிள்ளை," என்றேன். "அதின்ரை சொந்தக்காரர் ஒண்டும் சொல்லமாட்டார்."

அவள் தேய்த்துக் கழுவித் துடைத்து, கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து காட்டினாள். உங்களிடம் அன்றைக்குக் கேட்டிருக்கவேண்டிய மன்னிப்பை நான் அப்போதுதான் கேட்டேன், வாய்க்குள். அவளிடம் வெளியில் சொன்னது வேறு. நல்லா மினுங்குது, தேத்தண்ணி போடும் என்றேன்.

உங்கள் மூன்று சின்னக் காசும் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. முத்திரைப் பெட்டியில் இருப்பதால் என் கையிலிருந்து தப்பின. தூசி தட்டும்போது அந்தப் பக்கம் சுற்றித்தான் போகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த நவராத்திரிக்கு அவை ஊத்தையாகவே கும்பத்தடியில் இருக்கும்.

"இஞ்சேரும்" என்று யாரும் கூப்பிடாத வீட்டிலிருந்து,
உங்கள் மனுசி