ஏரியில் எள்

மேற்குத் தாம்பரம்
நவம்பர் 9, 2025

அப்பாவுக்கு,

ஆமாம், எள்தான். ஏரியில் விட்டது நானேதான். ஆனால் உங்களுக்காக இல்லை.

அம்மா போனில் அழுதாள். "உங்கப்பா உயிரோடதானே கீறாரு? அவருக்கா எள்ளு வுடற?" என் எண்ணை நீங்கள் முடக்கி வைத்திருப்பதால் தபாலில் சொல்கிறேன். உயிரோடிருப்பவருக்கு எள் இறைக்க எனக்குத் தெரியாது. அதீப்பை நான் கல்யாணம் செய்துகொண்ட அன்று, அதே கரையில், நீங்கள்தான் எனக்கு இறைத்தீர்கள்.

நான் விட்டது இரை. கல்லூரி ஆய்வுக்காக. வேகவைத்த எள்ளைக் கொசுவலைத் துணியில் முடிந்து நீரில் இறக்கினால் நீர்ப்பூசணம் வந்து பற்றும். பூசணம் என்பது பேச்சுக்குத்தான். அதன் சொந்தம் பழுப்புக் கடற்பாசிகளோடு.

நான்காம் நாள் நுண்ணோக்கியில் வைத்தேன். எள்ளைச் சுற்றி வெள்ளை இழைகள். ஒரு நுனி திறந்தது. உயிர்கள் கொட்டின. நீந்தின. நின்றன. ஓடு கட்டிக்கொண்டு உருண்டையாகின. முடிந்தது என்று நினைத்தேன். ஓட்டை விட்டு வெளியே வந்து, வேறு உருவில், மறுபடி நீந்தின.

மூச்சு விட மறந்தேன், அப்பா. பக்கத்தில் அதீப். அவரும் குனிந்து பார்த்தார். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கோகிலா


செம்பாக்கம்
நவம்பர் 18

கோகிலவாணிக்கு,

நம்பவில்லை. ஏரித் தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு வந்து, எள்ளை வேகவைத்துப் போட்டேன். வெள்ளையாக, முடி மாதிரி வந்திருக்கிறது. "இன்னாத்துக்கு இந்தக் கர்மம் வூட்டுக்குள்ள" என்கிறாள் உன் அம்மா. ஈ விழாமல் தட்டால் மூடி வைப்பதும் அவள்தான்.

நீந்துவது என் கண்ணுக்கு எட்டவில்லை. பூதக்கண்ணாடியிலும் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அந்தத் தண்ணீரில் குளித்திருக்கிறேன். இதுவும் கூடவே இருந்திருக்கிறது.

கருவியை எடுத்துக்கொண்டு வா. தனியாக வா.

ஏகநாதன்


மேற்குத் தாம்பரம்
நவம்பர் 21

அப்பாவுக்கு,

கடைசி இரண்டு சொற்களைப் பலமுறை படித்தேன். அதீப்பும் படித்தார். "நீ போய்ட்டு வா. நான் ஏரிக்கரைல டீ குடிச்சிகினு இருக்கேன்" என்றார். மாட்டேன் என்றேன். அந்த நுனி திறந்ததைப் பார்த்த இரண்டு பேரில் அவர் ஒருவர். தவிர, நுண்ணோக்கி கனம். அவர்தான் தூக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை வருகிறோம். நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் வெளியிலேயே கருவியை வைத்து, கிண்ணத்தை மட்டும் கேட்போம்.

உறையை இன்னும் ஒட்டவில்லை. அதற்குள் கல்லூரிக்குப் போய்க் கையெழுத்திட்டு நுண்ணோக்கியை வாங்கி வந்துவிட்டேன்.

கோகிலா