போன் இல்லாத முப்பது படகுகள்

2006 ஏப்ரல் 11, செவ்வாய்

கோவளம் பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. கூடவே யாருடைய குழந்தையோ மடியில். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை என் படிவங்களைச் சப்பிக்கொண்டே வந்தது.

மீனவக் குப்பத்தில் அறுபது படகு. பிப்ரவரியில் சீட்டுக் குலுக்கி முப்பது படகுக்கு செல்போன் கொடுத்தோம், மீதி முப்பதுக்கு இல்லை. போன் இருந்தால் எந்த மார்க்கெட்டில் என்ன விலை என்று கேட்டு விற்பார்கள், வருமானம் கூடும், நாடு முன்னேறும். இதை நிரூபிக்கத்தான் வெளிநாட்டுப் பணம், சேலையூரில் வேதசிரோமணி சாரின் ஆபீஸ், என் சம்பளம் எல்லாம். நிரூபித்துவிட்டால் அடுத்த வருடம் மீதி முப்பது படகுக்கும், பக்கத்து எட்டுக் குப்பங்களுக்கும் போன் வரும். செவ்வாய்தோறும் போய் யார் எதை எங்கே என்ன விலைக்கு விற்றார்கள் என்று எழுதி வருவது என் வேலை. ஒரே நிபந்தனை: போன் உள்ளவர்களிடம் கேட்டதைப் போன் இல்லாதவர்களிடம் சொல்லக் கூடாது.

வாழ்நாளில் மீன் தின்றதில்லை நான். இப்போது சங்கராவுக்கும் கிழங்கானுக்கும் விலை சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் அம்மா, "பையை வெளியிலயே வைடி" என்கிறாள்.

குப்பம்மா அக்கா இன்றும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். புருஷன் கடலில் இறந்தபின் தம்பி படகு மீனை இவர்தான் விற்கிறார். குலுக்கலில் பெயர் வரவில்லை. "சுனாமி லிஸ்ட்லயே என் பேரு கடைசி. இதுல மட்டும் எகிறி குதிச்சி முன்னாடி வந்துடுமா பாப்பா?" என்று சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மே 16

வெயில். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 27, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன்.

காலையில் பூவராகன் வீட்டுப் படிவம். அவருக்குப் போன் உண்டு. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் வஞ்சிரம் என்ன விலை என்று வியாபாரியிடம் கேட்டுவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். எல்லோரும் அங்கே கொண்டுபோனால் விலை இறங்கிவிடுமாம். என்னிடம் மட்டும் சொன்னார், படிவத்துக்காக.

அங்கிருந்து கரைக்குப் போனேன். குப்பம்மா அக்காவின் தம்பி வலையில் இந்த வருடத்திலேயே பெரிய மீன்பாடு, மணலெல்லாம் வஞ்சிரம். கரை வியாபாரி, சிந்தாதிரிப்பேட்டை விலையில் பாதிக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா என் பக்கம் குனிந்தார். "பாப்பா, நாலு எடம் போற வர்ற. பட்டணத்துல வஞ்சிரம் இன்னா போகுது, எதுனா தெரியுமா?"

பூவராகன் படிவம் என் மடியில்தான் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"தெரியாதுக்கா."

பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார். அந்த விலையை என் கையாலேயே எழுதினேன். இந்த சீசன் மீன்பாட்டை நம்பித்தான் மகள் வெண்ணிலாவை டீச்சர் ட்ரெய்னிங் சேர்க்க இருந்தார். போன வாரமே அந்த விண்ணப்பத்தை எனக்குக் காட்டியிருந்தார். தெரிந்தும் சொன்னேன் — தெரியாது என்று.

ஜூன் 28

விதி விதிதான். சார் கேட்டால் சபாஷ் என்பார். சபாஷ் வாங்கி என்ன செய்ய?

ஜூலை 18, செவ்வாய்

வெண்ணிலா சேரவில்லை. கடைசித் தேதி போய்விட்டதாம். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குப் போகிறாள். "வூட்ல குந்திகினு இருக்கறதுக்கு அது பரவால்ல" என்றார் அக்கா. என் மேல் ஒரு வருத்தமும் இல்லை அவருக்கு. ஏன் இருக்கும்? எனக்குத் தெரியாது என்றுதானே நினைத்திருக்கிறார். எனக்குக் கலர் வேறு.

குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். பாவி நான்.

ஜூலை 25, செவ்வாய்

குப்பம்மா அக்காவிடம் என் செல் நம்பரைக் கொடுத்துவிட்டேன். கடை வாசலில் இருக்கும் ஒரு ரூபாய் போனிலிருந்து தினமும் காலையில் கூப்பிடச் சொன்னேன். பூவராகன் படிவத்தில் இருந்த வியாபாரி நம்பர்களுக்கு நானே பேசி விலை கேட்டு வைப்பேன். "யார்ட்டயும் சொல்லாதீங்கக்கா, என் வேலை போயிடும்."

"இதுலாம் உனக்கு எப்டி தெரியும்?"

"இப்பதான் விசாரிக்க ஆரம்பிச்சிருக்கேன்" என்றேன். ஒரு பொய்யைச் சரிசெய்ய இன்னொரு பொய்.

அறுபதில் ஒரு படகு. ஒரு படகால் என்ன கெட்டுவிடும்?

செப்டம்பர் 5

தினமும் காலை ஏழு மணிக்கு என் போன் அடிக்கிறது. "பாப்பா, இன்னிக்கு எங்க?" "பல்லாவரம் போங்கக்கா." அவ்வளவுதான் பேச்சு. வைத்ததும் ரயிலைப் பிடித்துவிட்டவள் மாதிரி நிம்மதியாகக் காப்பி குடிக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 20, திங்கள்

சார் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு படம், இரண்டு கோடு. முதல் ஆறு மாதம் போன் உள்ள படகுகளின் கோடு மேலே, இல்லாதவை கீழே. ஆகஸ்டிலிருந்து கீழ்க்கோடு ஏறி ஏறி மேல்கோட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லைன்னு ஆயிடுச்சு மிருதுளா. போனால பெரிய லாபம் இல்லைன்னு பணம் தர்றவங்க முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த கட்டத்துக்குப் பணம் கிடையாது."

மீதி முப்பது படகுக்கும் போன் இல்லை. எட்டுக் குப்பத்துக்கும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 22

சாரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தருக்குத்தானே சொன்னே? அதுல எப்படிம்மா முப்பது படகும் ஏறும்?"

எனக்கும் விளங்கவில்லை. உண்மையை எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினாலும் அந்தப் பணம் வேறு தேசத்துக்குப் போய்விட்டதாம். மாதக் கடைசியோடு என்னை நின்றுகொள்ளச் சொன்னார். நியாயம்தான்.

நவம்பர் 28, செவ்வாய்

கடைசியாகக் குப்பத்துக்குப் போனேன். போன் வராது, அதற்குக் காரணம் நான்தான் என்று நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் மனசு லேசாகும் என்ற சுயநலமும் இருந்தது.

குப்பம்மா அக்கா கூடை கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரிடம் சொன்னது எல்லோருக்கும் எப்படிப் போனது என்று கேட்டேன்.

"பதினோரு பொம்பளைங்க ஒரே வண்டி புடிச்சிகினு போறோம். நான் மட்டும் பல்லாவரத்துல எறங்கி நல்ல வெலைக்கு வித்துகினு வந்தா, அவளுங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது? வண்டிலயே சொல்லிட்டேன். அவளுங்க அவளுங்க சொந்தத்துக்குச் சொல்லிக்கினாங்க. தப்பா?"

தப்பில்லை என்றேன். போனைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. "வராத லிஸ்ட்ல இன்னோண்ணு, வுடு" என்றார். நான் விட்டிருக்கலாம். விடவில்லை. ஆரம்பத்திலிருந்தே விலையெல்லாம் எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது என்பதுதான் விதி, என்னால்தான் தாங்க முடியவில்லை என்று பேசிக்கொண்டே போனேன். நல்லவளாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை.

கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப ஆனி மாசம் அம்மாம் வஞ்சிரம் வந்துச்சே. அன்னிக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸு வந்துடும், கெளம்பு" என்றார். உள்ளே போய்விட்டார். பஸ் வர இன்னும் முக்கால் மணி இருந்தது.

2007 ஜனவரி 2

மாடம்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்திருக்கிறேன். பிளஸ் டூ பொருளாதாரம். வளரும் நாடுகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. வேகமாக நடத்திவிட்டேன்.

மார்ச் 9, வெள்ளி

தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் வெண்ணிலாவைப் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அட்டை, விரல் நுனியில் பிளாஸ்திரி. அவளே வந்து, "சாப்ட்டீங்களாக்கா?" என்றாள். அம்மா எப்படி என்று கேட்டேன்.

"நல்லா கீதுக்கா. இப்ப அம்மாவே போன் வாங்கிக்கிச்சி. என் சம்பளத்துல, பொங்கலுக்கு. டார்ச் வெச்சது. வண்டில வர்ற அக்காங்களும் ஆளுக்கொண்ணு வாங்கிட்டாங்க."

யாரும் எதையும் நிரூபிக்காமலேயே வாங்கிவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா நம்பர் கொடு என்று பேனாவை எடுத்தேன்.

அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள். "அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரேன்க்கா."

சரி என்று பேனாவை மூடிவிட்டேன். என் நம்பர் குப்பம்மா அக்காவுக்கு மனப்பாடம். நாலு மாதம், ஒருநாள் விடாமல் போட்ட நம்பர் அது. அவர் போன் வாங்கி இன்றோடு கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகிறது.