“நோகுது” என்ற கட்டம்

நவம்பர் 12, செவ்வாய்

விடியவே மழை. தோய்த்த உடுப்பு ஒன்றும் காயவில்லை.

லப்டொப்புக்கு என்னவோ பிடித்துவிட்டது. யாரும் தொடாமலே அம்புக்குறி திரை முழுக்கத் துள்ளுகிறது. இவர் தொட்டுப் பேசும் படக் கட்டங்களைத் தானே அமத்தித் தானே பேசுகிறது. “தண்ணி.” “லைற்.” “நோகுது, நோகுது.” அடுப்படியிலிருந்து ஓடினேன். இவர் இல்லையென்று தலையாட்டினார். திரும்பவும் ஓடினேன். திரும்பவும் இல்லை.

லொறி ஓட்டிய மனிதர். பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனபிறகு இந்தத் திரைதான் வாய். அதுவும் ஒரு பெட்டையின் குரலில். இப்போது அந்த வாயும் பொய் சொல்கிறது.

பின்னேரம் இவருடைய தங்கை வசந்தி வந்தாள். “ஐயோ மச்சாள், அண்ணைக்கு எங்கயோ நோகுதாம்!”

“அண்ணைக்கு இல்லை. உந்தப் பெட்டிக்கு.”

இவர் முகத்தில் சிரிப்பில்லை.

நவம்பர் 13, புதன்

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் லீவை நீட்டக் கேட்டேன். அதிபர் “பாப்பம்” என்றார். பாப்பம் என்றால் இல்லை.

திரையை ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு காய்ந்த துணியால். நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். அதே துள்ளல். செற்றிங்ஸில் தேடித் தொடுதிரையை நிற்பாட்டினேன். அம்புக்குறி கல்லுப்போல நின்றது. அப்படியென்றால் பிழை திரையில்தான்.

ஆனால் தொடுதிரை இல்லாவிட்டால் இவருக்குப் பேச்சில்லை. மவுஸைக் கொடுத்தேன். இடக்கை அதைப் பிடித்து நிறுத்தாது. பின்னேரம் முழுக்கச் செத்த திரையைக் குத்திக்கொண்டிருந்தார்.

“கோவியாதேங்கோ. நாளைக்குத் திருத்திப் போடுவன்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் கோபம். யாரில் என்று தெரியவில்லை.

இருட்டுப்படக் கறண்ட் போனது. என்னதான் நடக்கும் என்று தொடுதிரையைத் திரும்பப் போட்டேன். துள்ளவில்லை! இவர் தொட்டார்: “தண்ணி.” கொடுத்தேன், குடித்தார். விரல் அடுத்த கட்டத்துக்குப் போகும்போதே கறண்ட் வந்தது, திரும்பத் துள்ளல். “நோகுது.” எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினேன். அமைதி.

மருதனார்மடத்துக் கடையில் போன கிழமை வாங்கிய மலிவுச் சார்ஜர். பழையதற்கு மூன்று கால், இதற்கு இரண்டு. எர்த் இல்லை, கறண்ட் கசிந்து திரையைக் குழப்புகிறது. அதுதான். லப்டொப்பை மூடிவைத்துச் சார்ஜ் போட்டேன். கண்டுபிடித்த சந்தோசத்தில் நல்ல நித்திரை வரும்.

நவம்பர் 14, வியாழன்

ஆசுபத்திரி வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன்.

காலையில் சார்ஜரைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன், கடையில் மாற்ற. வசந்தி தேங்காய் துருவினாள். நான் மீன் கழுவினேன்.

“நோகுது.”

“ஓம் ஓம், கத்தட்டும்,” என்றேன்.

“நோகுது. நோகுது.”

“மச்சாள், உதைத் திருத்தியாச்சு எண்டியள்?”

கைப்பை கதவில் தொங்கியது. சார்ஜர் அதற்குள். மீன் சட்டி அப்படியே கிடக்க ஓடினேன்.

இவருடைய விரல் “நோகுது” கட்டத்தின் மேல். எடுக்கவேயில்லை. கண் காலைக் காட்ட, உடுத்திருந்த சாரத்தை உயர்த்திப் பார்த்தேன். வலக் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் கொதித்தது.

“ஓட்டோவைக் கூப்பிடு வசந்தி! கெதியா!”

கால் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டியாம். டொக்டர் பெடியன், ஆனால் நிதானம். “நெஞ்சுக்குப் போக முதல் கொண்டுவந்திட்டியள் அம்மா. ஆர் கண்டது?”

“அவர்தான் சொன்னவர்,” என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க ஊசி. வீக்கம் அப்படியேதான். வசந்தி புட்டு கொண்டுவந்தாள்.

டொக்டர் கேட்கச் சொன்னார். கட்டிலில் லப்டொப்பை வைத்தேன், பற்றரியில்.

“எப்ப தொடங்கினது? நேற்றுக் காலமையோ?”

இல்லை என்று தலை.

அடுத்த பக்கத்துக்குத் தள்ளினார். நாட்கள் உள்ள பக்கம். விரல் “புதன்” கட்டத்தில் நின்றது.

புதன். செத்த திரையைக் குத்திய பின்னேரம். கறண்ட் வந்தபோது நான் சிரித்த “நோகுது.”

அவருடைய காலைப் பார்த்தபடி இருந்தேன்.

“இப்ப எப்பிடி?”

“நோகுது,” என்றது பெட்டையின் குரல், மெதுவாக. சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். “இன்னொருக்கால் சொல்லுங்கோ.”

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேசையிலிருந்த நேர்ஸ் மிஸ்ஸி எழும்பி வந்தார்.