மீலாவின் பொட்டு

நவம்பர், சனி இரவு.

சிறுவர் நலத்துறை மீலாவை எங்களிடம் வளர்க்கத் தந்தபோது அவளுக்கு ஒரு வயது. இப்போது ஏழு. இன்று அவளைப் பெற்றவளிடம் கூட்டிப்போனேன். ஐரோப்பாவில் நாடோடிகளாய் இருந்த ரோமா இனத்துப் பெண் அவள். பிள்ளைக்கு வழக்கம்போல இரட்டைப் பின்னல் போட்டு, ஒட்டுப்பொட்டும் வைத்துத்தான் கொண்டுபோனேன். எனக்குப் புத்தி வேண்டாமா?

அந்தப் பெண் பொட்டை விரலால் தொட்டு, தங்கள் மொழியில் மெதுவாக ஏதோ கேட்டாள். மீலா என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, இவா என்ன சொல்லுறா?”

“எனக்கும் விளங்கேல்லை, பிள்ளை.”

அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். தமிழ் தெரியாவிட்டாலும் ‘அம்மா’ என்றது அவளுக்கு விளங்கிவிட்டது.

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. படுக்குமுன் முகம் கழுவிவிட்டு, பொட்டை எடுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

“எடுக்க வேண்டாம். அவா தொட்டது.”

பொட்டோடுதான் தூங்குகிறாள்.