சினிமா இன்ஸ்பெக்டர் மீட்ட எஞ்சினை நிஜக் காவல் நிலையத்திலிருந்து மீட்டுத் தரக் கோரி

அனுப்புநர்
மிக்கேலம்மாள்,
க/பெ. சவேரியார்,
அலங்காரமாதா குடியிருப்பு,
இராமேஸ்வரம் தீவு.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: வல்லத்து எஞ்சின் திருடுபோனது – காவல் நிலையம் தேடாதது – திரைப்பட நடிகர் மீட்டுத் தந்தது – அதைக் காவல் நிலையம் எடுத்துக்கொண்டது – திருப்பித் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதித் தருபவர் அலுவலக வாசலிலேயே இருக்கிறார் என்று சொன்னார்கள். அவர் எழுதினால் 'மிகத் தாழ்மையுடன்' என்று தொடங்குவாராம். எனக்குத் தற்சமயம் அந்த மனநிலை இல்லாததால் நானே எழுதுகிறேன்.

1. நானும் என் கணவரும் ஒரு நாட்டுப்படகை வைத்துப் பிழைப்பவர்கள். கடந்த ஜூலை மாதம் கரையில் நின்ற எங்கள் வல்லத்திலிருந்து எஞ்சினை யாரோ கழற்றிச் சென்றுவிட்டார்கள். எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனேன். காவலர் திரு. குருநாதன், "எஞ்சின் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கும்க்கா, தன்னால வந்துரும்" என்றார். நிலையமே சிரித்தது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டேன், தாள் தீர்ந்துவிட்டது என்றார்கள். ஐஸ் கம்பெனி சகாயவினோத் மீது சந்தேகம் என்றும் சொன்னேன். நிலையத்துக்கு நல்ல சீலா மீனாகப் பார்த்து அனுப்புகிறவர் அவர். அதனால் அந்தப் பெயர் மட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

2. அதன் பிறகும் பலமுறை நடந்தேன். செப்டம்பரில் எங்கள் கடற்கரையில் ஒரு போலீஸ் படத்தின் படப்பிடிப்பு நடந்தது. நிலையத்தில் இருந்த அனைவரும் அதற்குப் பாதுகாப்புக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். திருடுபோன எஞ்சினைத் தேட ஆள் இல்லாத நிலையத்தில், கதாநாயகிக்குக் குடை பிடிக்க ஆள் இருந்தது. நான் போன நேரத்தில் திரு. குருநாதன் மட்டும் தொப்பியை எடுக்க வந்திருந்தார். "இங்கன ஆளு இல்லக்கா. கடக்கரையில புது ஸ்டேஷன் தொறந்திருக்கு, அங்கன போயிக் குடு" என்றார். போலீஸ்காரர் சொன்னதை நம்பினேன். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

3. பழைய மீன் ஏலக் கூடத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, காவல் நிலையம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். வாசலில் ஜீப்பும் நின்றது. கேமராவும் கூட்டமும் அப்போது கரையின் மறுகோடியில் இருந்தன. உள்ளே ஓர் இன்ஸ்பெக்டர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். எஞ்சின் என்ன நிறம், என்ன அடையாளம் என்றெல்லாம் விசாரித்தார். முதன்முதலாக ஒரு மனிதர் கேட்கிறாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திகைத்துப்போய், "யக்கா, இது படத்துச் சீனா, நெசமா?" என்றார். டைரக்டர் அனுப்பிய நடிகை என்று என்னை நினைத்திருக்கிறார். "நான் நெசப் போலீசு இல்லக்கா. சினிமாவுல அடி வாங்குற ஆளு. நீ நெச ஸ்டேஷனுக்குப் போ" என்றார். "அங்கனயிருந்துதான் அனுப்புனாக" என்றேன். அவர் மேசைமேல் இருந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு யார்மேல் சந்தேகம் என்று கேட்டார்.

4. அவர் பெயர் உக்கிரபாண்டி. நயினார்கோவில் பக்கத்துக்காரர். போட்டிருந்த உடுப்போடு ஐஸ் கம்பெனிக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றுகூடப் பேசவில்லை. "ஏலே, அக்கா எஞ்சினக் கொண்டாந்து வையி" என்று மட்டும் சொன்னார். சகாயவினோத் தார்ப்பாயை விலக்கி எஞ்சினைத் தானே தூக்கி வந்து வைத்தார். அதன் கைப்பிடியில் என் கணவர் எழுதிய 'மாதா துணை' அழியாமல் இருந்தது. இரண்டு மாதம் கண்டுபிடிக்க முடியாத பொருள், நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது.

5. அன்று மாலையே சகாயவினோத் நிலையத்துக்குப் போனார். அவருக்குத் தாள் கிடைத்தது. போலீஸ் வேடம் போட்டு மிரட்டியதாக உக்கிரபாண்டி மீது வழக்கு. எஞ்சினை வழக்குச் சொத்து என்று சொல்லித் தூக்கிப் போய்விட்டார்கள். அது எப்படி ஐஸ் கம்பெனிக்குள் போனது என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. இப்போது அது நிலையத்து முற்றத்தில் உப்புக் காற்றில் கிடக்கிறது. சொந்த வல்லம் கரையில் நிற்க, என் கணவர் அடுத்தவர் வல்லத்தில் கூலிக்குப் போகிறார்.

6. வேடம் போட்டுக்கொண்டு போனது சட்டப்படி குற்றம் என்றால் அதை நீதிமன்றம் சொல்லட்டும். அதே உடுப்பை முறைப்படி போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எந்தப் பிரிவில் வரும் என்பதையும் தாங்கள் தெரிவித்தால் நன்று.

7. மேற்படி நடிகரின் நடத்தையை விசாரிக்க நிலையத்தாருக்கு நேரம் இருக்காது என்பதால் நானும் என் மகள் ஆஸ்லினும் அதைச் செய்தோம். அவர் நடித்த அடிதடிப் படங்கள், கொலைகாரப் படங்கள், கைப்பேசியில் வரும் தொடர்கள் எல்லாவற்றையும் பார்த்தோம். ஒன்றில் கண்ணாடிக் கதவோடு விழுகிறார், ஒன்றில் லாரி ஏற்றிக் கொல்கிறார்கள், ஒன்றில் வசனம் பேச வாயைத் திறக்கும்போதே சுடுகிறார்கள். எந்தப் படத்திலும் இடைவேளைக்குப் பிறகு அவர் உயிரோடு இல்லை. எங்கள் ஊரில் எடுத்த படத்தில்தான் முதன்முதலாக இன்ஸ்பெக்டர் வேடமாம். ஏழைகளின் புகாரை வாங்காமல் திருடனோடு கைகோக்கும் இன்ஸ்பெக்டர். அதைக் கற்றுக்கொள்ள எங்கள் நிலையத்தில்தான் வந்து உட்கார்ந்து பார்த்தாராம். கற்றும் அவருக்கு அது வரவில்லை. அந்த வேடத்துக்குப் பொருத்தமானவர்கள் நிலையத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளமும் அரசே கொடுத்துவிடுகிறது.

8. சென்ற வாரம் திரு. குருநாதன் எங்கள் வீட்டுக்கே வந்தார். "வினோத்து பத்திரமா எடுத்து வச்சிருந்தாரு, நடிகருதான் மிரட்டிப் பிடுங்குனாருன்னு எழுதிக் கையெழுத்துப் போடுக்கா. எஞ்சின் நாளைக்கே வீட்டுக்கு வந்துரும்" என்றார். அவர் போன பிறகு என் கணவர், "போட்டுரு புள்ள. இன்னும் எத்தன நாளைக்கு நான் அடுத்தவன் வல்லத்துல ஏறுறது?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அவரை அப்படிக் கேட்க வைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே ஐயா, எங்கள் எஞ்சினை எங்களிடம் தரவும், அதைத் திருடி வைத்திருந்தவர் மீது வழக்குப் பதியவும், மீட்டுத் தந்தவர் மீதுள்ள வழக்கைக் கைவிடவும் ஆணையிடும்படி கேட்கிறேன். திரு. குருநாதன் கேட்ட என் கையெழுத்தை இந்த மனுவின் கீழே போட்டிருக்கிறேன். எஞ்சின் துருப்பிடித்து உதிர்ந்தாலும் வேறு எந்தத் தாளிலும் அது கிடைக்காது.

இடம்: இராமேஸ்வரம்
நாள்: 14.10.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மிக்கேலம்மாள்