பூனை கத்தாத பந்து

பிப்ரவரி 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக ஆறு பட்டன்களையும் மேசையில் வரிசையாக வைத்து எண்ணினேன். எல்லாம் இவருடைய பழைய சட்டைகளிலிருந்து வெட்டியவை. ஒரு பந்து வீசினால் ஒரு பட்டன் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். ஆறும் போனால் ஓவர் முடிந்தது. பதினொரு வருடமாகப் பள்ளிக்கூட மைதானங்களிலும் கம்பெனி ஆட்டங்களிலும் இதே பட்டன்களோடுதான் அம்பயராக நின்றிருக்கிறேன். நாளைக்கு முதல் தடவையாக ஒரு வெளிநாட்டு அணிக்கு முன்னால். வெளிநாடு என்றாலும் அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான்.

மூன்று டி20, மூன்று ஒருநாள், கடைசியில் ஒரு டெஸ்ட். எல்லாப் புள்ளிகளையும் கூட்டி ஒரே கோப்பை. வீராங்கனைகள் ரிவ்யூ கேட்க முடியாது. அதற்கான கருவிகள் இந்தத் தொடருக்கு இல்லை. டிவியில் ரீப்ளே மட்டும் காட்டுவார்கள். அதாவது நான் தப்பு செய்தால் ஊரே பார்க்கும், ஆனால் திருத்த முடியாது.

அலாரம் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். இவர்தான் உலுக்கி எழுப்பினார். "நாலு வீடு தள்ளி இருக்கறவங்க எல்லாம் எழுந்து பல் தேச்சாச்சு."

அசதி என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

முதல் டி20. காது கிழிகிற சத்தம். ஊதல், தகர டப்பா, ஒலிபெருக்கிப் பாட்டு.

எதிரணி விக்கெட் கீப்பரைப் பற்றி எழுத வேண்டும். அவளை அவள் அணியில் எல்லோரும் 'பூனை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பத்தாறு வயது. அந்த அணியிலேயே மூத்தவள். கையுறையின் கட்டைவிரல் பக்கம் வேறு நிறத் தோல் வைத்துத் தைத்திருக்கிறது. பந்து வருவதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். பாய்வதே தெரியவில்லை.

பதினான்காவது ஓவரில் நம் பெண் மட்டையை வீசினாள், பந்து பின்னால் போனது. பந்து போட்டவள், ஸ்லிப்பில் நின்றவள், எல்லோரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். பூனை மட்டும் கத்தவில்லை. பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்கு நடந்தாள். அந்தக் கூச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. நாட் அவுட் என்றேன்.

பந்து போட்ட பெண் சிணுங்கினாள். "பட்டுச்சுல்ல அக்கா?"

"படல. போய்ப் போடு."

ரீப்ளேயில் பார்த்தோம். மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

பிப்ரவரி 9, ஞாயிறு

டி20 மூன்றும் முடிந்தன. நமக்கு இரண்டு, அவர்களுக்கு ஒன்று. தப்பில்லாமல் முடித்தேன். கால் வீக்கம்.

பிப்ரவரி 12, புதன்

முதல் ஒருநாள் ஆட்டம். கூட்டம் பாதிதான்.

பந்து நம் தொடக்க ஆட்டக்காரியைத் தாண்டிப் பூனையிடம் போனது. யாருமே அசையவில்லை. பந்து போட்டவளே திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். பூனை மட்டும் என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை, அதிகம் குரல் உயர்த்தாமல், அவுட் கேட்டாள். நான் விரலைத் தூக்கினேன்.

அவுட் ஆனவள் போகும்போது மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டே போனாள். ரீப்ளேயில், ஸ்டம்ப் மைக்கில், நூல் அறுந்தது போல ஒரு சத்தம். பட்டிருக்கிறது.

அம்பயர் அறையில் அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார். அவர்தான் இந்தத் தொடரில் என் ஜோடி. பழைய வேகப்பந்து வீச்சாளர், எல்லோருக்கும் 'ஆறடி'. "பந்து போட்டவளுக்கே கேக்கல. உனக்கு எப்படிக் கேட்டுச்சு தங்கச்சி? பாம்புக் காதும்மா உனக்கு."

சிரித்தேன். சாயங்காலத்துக்குள் மைதான ஊழியர்கள்வரை 'பாம்புக்காது மேடம்' ஆகிவிட்டேன். பொய் சொல்வானேன், பிடித்திருந்தது.

ஆனால் — கேட்டதா?

பிப்ரவரி 13, வியாழன்

இவர் வீட்டுக் கூடத்தில்தான் பூட்டு ரிப்பேர் செய்கிறார். சாவியைத் திருப்பும்போது உள்ளே 'டிக்' என்று வரும் சத்தத்தை வைத்தே எந்த முள் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் கடைத்தெருவுக்குப் போன நேரம் ஒரு பூட்டை எடுத்தேன். வலது காதருகே வைத்துத் திருப்பினேன். டிக். இடது காதருகே வைத்துத் திருப்பினேன். விரலில் தெரிந்தது. காதில் இல்லை.

நாலு தடவை திருப்பிப் பார்த்தேன். பூட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எவ்வளவு நாளாக இப்படி? ஃபோனை வலது காதில் வைத்தே பழகிவிட்டேன். கேட்காதபோது 'ம்' என்று சொல்லிவிடுகிறேன். போன மாசம் ஒரு கல்யாணத்தில் யாருக்கோ 'ம்' சொல்லி, அந்தம்மா ஒரு பெரிய பித்தளை அண்டாவை வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள், 'நீங்கதானே வெச்சுக்கிறேன்னு சொன்னீங்க' என்று. அண்டா இன்னும் பால்கனியில் இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

இரண்டாவது ஒருநாள். தண்ணீர் இடைவேளையில் பூனை பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் இடப்பக்கமிருந்து சுற்றி வலப்பக்கம் வந்து, "தண்ணி குடிங்க மேடம், வெயில் அதிகமா இருக்கு," என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. முதல் தடவை சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை என்னிடம் பேச வந்தாள். பந்தை மாற்றித் தரச் சொல்லி ஒரு தடவை, கையுறை வாரைச் சரிசெய்ய நேரம் கேட்டு ஒரு தடவை. இரண்டு தடவையும் வலப்பக்கம்தான் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

அம்பயருக்கு ஒரு காது கேட்காது என்று தெரிந்த கீப்பர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எந்தப் பந்துக்கும் கத்தலாம். அதற்குப் பிறகு இருபது ஓவர் நின்றாள். இரண்டு பந்துகள் மட்டையை உரசுவது போலப் போயின. இரண்டுக்கும் வாயைத் திறக்கவில்லை.

இப்படி ஒருத்தியை நான் மைதானத்தில் பார்த்ததில்லை. வெளியிலும் ரொம்பப் பேரைப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மூன்றாவது ஒருநாளும் முடிந்தது. ஆறு ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று. டெஸ்ட்டில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. டிரா ஆனால் பங்கு.

ஆட்டம் முடிந்து நடைபாதையில் வந்துகொண்டிருந்தேன். நம் தொடக்க ஆட்டக்காரி — வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள் — உடைமாற்றும் அறைக்குள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு என் வலப்பக்கம்.

"பாம்புக்காதாவது ஒண்ணாவது. அந்தப் பூனை கத்தினா அக்கா விரலத் தூக்குவாங்க. பூனை கத்தலேன்னா தூக்க மாட்டாங்க. ரிமோட் அங்க இருக்குடீ."

எல்லோரும் சிரித்தார்கள். நம் கேப்டன் "வாய மூடு, யாராவது வரப்போறாங்க" என்றாள். நான் ஷூ சத்தம் வராமல் திரும்பி வேறு வழியாகப் போனேன்.

திமிர் பிடிச்சவ. அவளுக்கு என்ன தெரியும் அங்க நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு. ஆறு மணி நேரம் உக்காராம, ஒண்ணுக்குப் போகாம — விடு. விடு.

பிப்ரவரி 19, புதன்

விட முடியவில்லை. ஆறு ஆட்டத்தின் பதிவுகளையும் ரீப்ளேக்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீப்பர் பிடித்து அப்பீல் வந்த பந்துகளை மட்டும் எடுத்தேன்.

அவர்கள் பந்து வீசியபோது ஒன்பது. பூனை கேட்டது ஐந்து. ஐந்தும் கொடுத்திருக்கிறேன். பூனை கேட்காமல் மற்றவர்கள் கத்தியது நான்கு. நான்கும் மறுத்திருக்கிறேன். ஒன்பதும் சரி.

நாம் பந்து வீசியபோது ஆறு. நம் கீப்பர் சின்னப் பெண், கொசு கடித்தாலும் அப்பீல் கேட்பாள். அவள் கத்துவதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஆறையும் மறுத்திருக்கிறேன். அதில் இரண்டு அவுட். ரீப்ளேயை மெதுவாக ஓட்டிக் கேட்டால்தான் தெரிகிறது.

அந்தத் துடுக்குக்காரி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒருத்தியின் நேர்மையைக் காது மெஷின் மாதிரி மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவள் இருக்கிற பக்கத்துக்கு நியாயம் கிடைத்தது. மற்ற பக்கத்துக்கு நான்தான் கிடைத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். இடது காதுக்கு நான் அமுக்கவே இல்லை போலிருக்கிறது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பொத்தானை ஆட்டிப் பார்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"மெல்லிசு சத்தம் எல்லாம் இந்தப் பக்கம் போயிருச்சும்மா. ஒத்தக் காத வெச்சுத் தூரத்துச் சின்னச் சத்தத்தப் பிடிக்க முடியாது. கருவி வெச்சா பேச்சு நல்லாக் கேக்கும். நீங்க சொல்ற மாதிரி அவ்வளவு சின்னச் சத்தம் — வெச்சுப் பாத்துத்தான் சொல்லணும்."

வீட்டில் இவர் கேட்டார். "அழுக்கு அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டாங்க," என்றேன்.

நடுவில் நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. டெஸ்ட்டிலிருந்து விலகினால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் அவ்வளவுதான். பதினொரு வருடம்.

நின்றுவிடலாம். நாலே நாள்.

பிப்ரவரி 22, சனி

டெஸ்ட், முதல் நாள். பார்க்க வந்தவர்கள் அறுபது பேர் இருக்கலாம். இவ்வளவு அமைதியில் சத்தத்தைச் சாக்கு சொல்ல முடியாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூனை எண்பத்தொரு ரன். இடுப்பில் ஒரு பந்து அடித்தும் தேய்த்துக்கொள்ளவில்லை. அவுட் என்று தெரிந்ததும் நான் விரலைத் தூக்கும் முன்பே நடந்துவிட்டாள். பந்து மட்டையின் ஓரத்தில் உரசியது அப்போதும் எனக்குக் கேட்கவில்லை. அவள் நடந்ததால் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைசி நாள், கடைசி நேரம். நமக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. இன்னும் மூன்று ஓவர் தாக்குப்பிடித்தால் டிரா. அவர்களுக்கு ஒரு விக்கெட் போதும், கோப்பை அவர்களுக்கு. சுழற்பந்து, என் பக்கத்திலிருந்து. பூனை ஹெல்மெட் போட்டு ஸ்டம்புக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

நம் கடைசி ஆட்டக்காரி முன்னால் தாவித் தடுத்தாள். பந்து அவள் உடம்புக்குப் பின்னால் மறைந்து, பூனை கையில் வந்து விழுந்தது. பந்து போட்டவள் திரும்பி என் முகத்துக்கு நேராக நின்று கத்தினாள். பக்கத்தில் நின்ற நாலு பேரும் கத்தினார்கள்.

நான் பூனையைப் பார்த்தேன்.

அவள் கையில் இருந்த பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை.

நாட் அவுட் என்றேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. பட்டனை வலது பையில் போட்டேன்.

மூன்று ஓவரும் போனது. டிரா. கோப்பைக்கு இரண்டு பேர் கை.

அறையில் டிவியில் காட்டினார்கள். நம் ஆட்டக்காரியின் கையுறையில் பட்டிருந்தது. சத்தமும் தெளிவாக இருந்தது. பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்கும். ஆறடி அண்ணன் டிவியை அணைத்தார். "கண்ணுக்கு மறைவா போச்சு தங்கச்சி. யாரா இருந்தாலும் தப்பியிருக்கும்," என்றார். அவருடைய நல்ல மனசு.

வெளியே படிக்கட்டில் அந்தப் பந்து வீச்சாளர்ப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "ஒரு தடவை கத்தியிருக்கலாம்ல அக்கா? நீங்க கேட்டா குடுத்திருப்பாங்கல்ல?"

பூனை கையுறையை உதறிக்கொண்டிருந்தாள். "அவ முதுகுதான்டீ தெரிஞ்சுது. பட்டுச்சா படலையான்னே தெரியல. தெரியாததுக்கு எப்படிக் கேக்கறது?"

என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து என் வலப்பக்கம் வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம். பந்து மறைஞ்சிருச்சு. அதான் பேசாம இருந்தேன். வேற ஒண்ணுமில்ல."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறாள்.

பிப்ரவரி 26, புதன்

அவள் கத்தவில்லை என்றால் படவில்லை என்று நானே ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். 'தெரியவில்லை' என்றும் ஒருத்தி சும்மா இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் தெரியாதபோதெல்லாம் 'ம்' சொல்கிறவள். எனக்கு எப்படித் தோன்றும்?

பிப்ரவரி 27, வியாழன்

அவர்கள் அணி ஊருக்குக் கிளம்பியது. வழியனுப்பப் போகவில்லை. போயிருக்கலாம்.

மார்ச் 1, சனி

ஆறடி அண்ணன் ஃபோன். குரலில் அவ்வளவு சந்தோஷம். "பாம்புக்காது, ரெஃப்ரி உன்னைப் பத்தி நல்லா எழுதியிருக்காரு. கடைசி நாள் அந்த ஒரு பந்தத் தவிர எல்லாம் பிரமாதமாம். சர்வதேசப் பட்டியலுக்கு உன் பேரு போகுது. விண்ணப்பப் பாரம் வந்திருக்கும் பாரு. திங்கக்கிழமைக்குள்ள அனுப்பிடு."

வந்திருந்தது. நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் உடல்நிலை. கண் பார்வைக்கு டாக்டர் சான்றிதழ் இணைக்க வேண்டும். கேட்கும் திறனுக்கு நாமே எழுதினால் போதும்: ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள். அதைச் சரிபார்க்க யாரும் வரமாட்டார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

காலையிலேயே பாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கம் தவிர எல்லாம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

யோசித்ததில் பாதி நேரம் அவளைத்தான் யோசித்தேன். அந்த ஒரு பந்துக்குக் கத்தியிருந்தால் கோப்பை. நான் கொடுத்திருப்பேன் என்று அவளுக்கும் தெரியும். பந்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பேனாவால் எழுதினேன். 'இடது காதில் மெல்லிய ஒலிகள் கேட்பதில்லை. டாக்டர் அறிக்கை இணைத்துள்ளேன். கருவி பொருத்தி மறுபடி பரிசோதித்த பிறகே ஆட்டங்களுக்கு வருவேன்.' ஒரு வரி இடம் போதவில்லை, ஓரத்தில் வளைத்து எழுத வேண்டியிருந்தது. தனித்தாளில், நான் தவறாக மறுத்த மூன்று அப்பீல்களையும் தேதியோடு எழுதி வைத்தேன். நம்முடையது இரண்டு, அவர்களுடையது ஒன்று.

உறையை ஒட்டிக் கைப்பையில் வைத்தாயிற்று. நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அண்ணனிடம் சொல்லவில்லை. இவரிடமும் இன்னும் சொல்லவில்லை. ஆறு பட்டனையும் மேசை டிராயரில் போட்டிருக்கிறேன், தூக்கிப் போடவில்லை.

கூடத்திலிருந்து இவர் ஏதோ சொன்னார். இடப்பக்கம். வழக்கம்போல 'ம்' வாய்வரை வந்துவிட்டது.

"கேக்கலைங்க," என்றேன். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."